திருவிருந்துப் பதிவேட்டில் மூன்றாம் எண்

எங்கள் சபையின் நூறு வருஷச் சரித்திரத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான் என்பதுதான். நடத்தினேன் என்றால் என்ன, அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதையே திருப்பி எழுதியவர்களுக்கு மார்க் போட்டேன். அதற்கும் ஆராய்ச்சிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. சபைக் கமிட்டிக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியும்? "டீச்சர், நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க?" என்றார் செக்ரட்டரி. ஓய்வு பெற்ற பெண்பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்காத ஆண்பிள்ளை இந்தச் சென்னையில் உண்டா? நான் சும்மா இருந்தால் வீட்டில் சோறு யார் வடிப்பது என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவர், நூற்றாண்டு மலரில் என் பெயர் அட்டையிலேயே வரும் என்று சொல்லிவிட்டார். உடனே ஒப்புக்கொண்டேன்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள், ஒரு பக்கம் மெஸ், மறுபக்கம் அடுக்குமாடி, நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கும் சின்ன லுத்தரன் கோயில் எங்களுடையது. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மேற்கு மாம்பலத்தில் என் எதிர் ஃப்ளாட் மாமியிடம் ஒருநாள் "ஐயரைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். "நன்னா பண்ணி வெக்கறவரா? நம்மாத்துலயும் அடுத்த மாசம் ஒரு ஆயுஷ்ஹோமம் இருக்கு, நம்பர் இருந்தா குடுங்கோளேன்" என்றாள். அதை விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

நூற்றாண்டுக்கு மூன்று திட்டங்கள் இருந்தன. மலர், கல்வெட்டு, பிரியாணி. பிரியாணி முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. மட்டனா சிக்கனா என்பதற்கு மேலும் மூன்று கூட்டங்கள் ஆயின. சரித்திரம் ஐந்தாவது கூட்டத்தின் கடைசியில் வந்தது, எல்லோரும் எழுந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது.

ஆதாரங்கள் எங்கே இருக்கின்றன என்று செக்ரட்டரியைக் கேட்டேன். "ஆதாரம் எதுக்கு டீச்சர்? பழைய மலர் மூணு இருக்கு. அதைப் பார்த்து எழுதிடுங்க" என்றார். பார்த்தேன். மூன்றுமே தரங்கம்பாடியில் கப்பல் வந்து நிற்பதில் தொடங்கின. பத்துப் பக்கம் கடல்காற்று வாங்கிவிட்டு மெட்ராஸ் வந்து சேர்வதற்குள் எழுதியவருக்கு மூச்சு வாங்கியிருக்கும் போல. எங்கள் கோயில் கட்டிய கதைக்கு இரண்டே பத்திதான். வெள்ளிவிழா மலரில் எங்கள் முதல் மிஷனரி காலராவில் இறந்தார். பொன்விழா மலரில் அவரே குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வைரவிழா மலரில் ஊர் திரும்பும் வழியில் கப்பலில் இறந்தார். இப்படி மூன்று தரம் செத்தும், அடுத்த பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

சரி, இணையத்தில் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஜெர்மனியில் யாரோ புண்ணியவான்கள் அந்தக் காலத்து மிஷனரிகள் எழுதிய கடிதங்களையெல்லாம் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்தால் கம்பளிப்பூச்சி மையில் விழுந்து எழுந்து ஓடினமாதிரி இருந்தது. என் போனில் மொழிபெயர்ப்பு வசதி உண்டு. இரண்டு மாலை போராடி ஒரு கடிதத்தை முழுசாகத் தமிழாக்கினேன். மெட்ராஸில் நல்ல வெண்ணெய் கிடைக்கவில்லை என்று மனிதர் நாலு பக்கம் புலம்பியிருந்தார். இறையியல் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். பேராயர் அலுவலகத்திலிருந்து கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். பேராயர் அலுவலகத்தில், எந்தப் புத்தகம் வேண்டும் என்று நூலகத்திலிருந்து எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். நடுவில் செக்ரட்டரி ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார். அதில் வந்தவை காலை வணக்கம், வசனம், மூட்டுவலிக்கு முருங்கைக்கீரை.

கடைசியில், போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையின் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். சாவி பொருளாளர் வீட்டில் இருந்தது. இரண்டு ஞாயிறு அவர் மறந்துவிட்டு வந்தார். மூன்றாவது ஞாயிறு கொண்டுவந்தது பீரோ சாவி. ஒருவழியாகத் திறந்தபோது கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கும் ஓட்டை ஆர்மோனியத்துக்கும் அடியில் பதிவேடுகள் கிடந்தன. ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. எல்லாவற்றையும்விடக் கனமாக, திருவிருந்துப் பதிவேடு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் முறையில் திருவிருந்து வாங்க, அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்க, நினைத்தவுடன் எழுந்து போய்விட முடியாது. முந்தின நாளே போதகர் வீட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். யார் மேலாவது பகை உண்டா என்று அவர் கேட்பார். இல்லவே இல்லை என்று கூசாமல் சொல்லிவிட்டு வர வேண்டும். அவர் பேரைப் பதிவேட்டில் எண் போட்டு எழுதிக்கொள்வார். பேர் கொடுக்காதவர்களுக்குப் பாத்திரம் கிடையாது. ரசத்துக்கு ஒரே பாத்திரம்தான், எல்லோரும் வரிசையாக அதில்தான் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். இப்போது செக்ரட்டரி அதற்கும் ஒரு கூகுள் படிவம் வைத்திருக்கிறார். பகை உண்டா என்ற கேள்விக்குக் கட்டத்தில் டிக் அடித்தால் போதும்.

அந்தப் பழைய பதிவேட்டின் முதல் பக்கம் எங்கள் சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். நாற்பது பேர், ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் போட்டு. வெள்ளிவிழா மலரில் அதன் படம் வந்ததிலிருந்து, முதலில் சபையில் சேர்ந்த நாற்பது பேர், சேர்ந்த வரிசைப்படி என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பொருளாளர் வீடு ஒன்றாம் எண். அவர் காருக்குக்கூட அலைந்து திரிந்து ஒன்றில் முடிகிற நம்பர் வாங்கியிருக்கிறார். நாங்கள் மூன்றாம் எண். என் அப்பாவைப் பெற்ற தாத்தாதான் அந்த மூன்று. ஆளைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது, கம்பீரமானவர். எனக்குப் பத்து வயசு வரைக்கும் இருந்தார், ஞாயிறு தவறாமல் கோட்டுப் பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுப்பார். "நாங்க மூணாம் நம்பர் வீடு" என்று நான் சொல்லாத இடம் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் காபி கொடுக்கும்போதே சொன்னேன். என் மாமியார் சாகிற வரை அதற்கு என்னைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். இந்த நாற்பது பேர்களையும் எண்ணோடு கறுப்புக் கிரானைட்டில் செதுக்கி வாசலில் பதிப்பதுதான் கமிட்டியின் கல்வெட்டுத் திட்டம்.

பதிவேடு என் கைக்கு வந்த சேதி பரவிய மறு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் வந்தார். கன்னியாஸ்திரீ இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், சபை முழுக்க அவருக்கு சிஸ்டர்தான். எண்பது தாண்டிவிட்டது. வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறார். பறக்கும் ரயிலேறி மந்தைவெளியில் இறங்கித் தனியாகத்தான் வருவார். யாராவது கை பிடித்தால் உதறிவிடுவார்.

"டீச்சர், பழைய ரிஜிஸ்டர்லாம் நீங்கதான் பாக்குறீங்களாமே. எங்கப்பா பேரு அதுல கீதான்னு பாத்து சொல்லணும்" என்றார்.

"பாத்துட்டாப் போச்சு சிஸ்டர். ஞானஸ்நானமா, கல்யாணமா?"

"அதுலாம் இல்ல. அவர ஏன் சபைக்கு வெளிய வெச்சாங்கன்னு தெரியணும்."

என்னை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார வைத்தார். "எங்கப்பா மிஷன் அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்குறவரு. நீங்கள்லாம் கையில வெச்சிக்கினு பாடுனீங்களே பழைய பாட்டுப் புஸ்தகம், அது அவரு கோத்ததுதான். ஆனா கோயிலுக்குள்ள வந்து நான் பாத்ததே இல்ல. எங்கள உள்ள அனுப்பிட்டு மதில்மேல குந்திக்கினு இருப்பாரு. மழ பேஞ்சா குடயப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருப்பாரு. உள்ள பாட்டு ஆரம்பிச்சா வெளியேர்ந்து கூடப் பாடுவாரு. ஆசீர்வாதம் சொல்லி முடிச்சதும் எங்கள இட்டுக்கினு போவாரு. அம்மாவ கேட்டா, அப்பாக்கு முட்டி வலி, முட்டிபோட முடியாதுன்னுச்சு. முட்டி வலிக்காரரு தெனம் இங்கேர்ந்து வேப்பேரி வரிக்கும் நடந்து வேலைக்கிப் போவாரா, நீங்களே சொல்லுங்க."

நான் தலையாட்டினேன்.

"ஸ்கூல்ல பொண்ணுங்க சொல்லும், உங்கப்பா காணிக்கைல கை வெச்சாரு, அதான் வெளிய தள்ளிட்டாங்கன்னு. எனக்கு மொதல்ல பாத்த மாப்ள வூட்டுக்காரங்க அதக் கேட்டுட்டுதான் திரும்பிப் போனாங்க. நான் நர்ஸா சேந்து, நானே ஒருத்தரப் பாத்துக் கட்டிக்கினு, அதுலாம் ஆச்சு. அவரு போட்டோ ஒண்ணு இருந்துச்சு, வேளச்சேரில வெள்ளம் வந்தப்ப பீரோவோட போச்சு. அவரு இன்னா பண்ணாரு? அது மட்டும் தெரிஞ்சா போதும் டீச்சர். நல்லதோ கெட்டதோ, மறைக்காம சொல்லுங்க. எனக்கும் வயசாயிடுச்சில்ல."

"கண்டிப்பாச் சொல்றேன் சிஸ்டர்" என்று கையில் அடித்துக் கொடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இதுவல்லவா சரித்திர ஆராய்ச்சி! வெண்ணெய்க் கடிதம் படித்த கண்ணுக்கு விமோசனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, மாதாமாதம் பேர் கொடுத்தவர்களின் பட்டியலை வரிசையாகப் படித்தேன். மூன்றாம் நாள் ஒன்று உறுத்தியது. வாழ்நாளெல்லாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான். நடுவில் புதுசாக ஒரு பிள்ளை சேர்ந்தால் அதன் பேரைக் கடைசியில்தான் எழுதுவோம். இந்தப் பதிவேட்டில் அப்படி இல்லை. தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி ஒரு குமாஸ்தா வருகிறார். வந்த முதல் மாதமே அவருக்கு ஐந்தாம் எண். ஏற்கெனவே ஐந்தாக இருந்தவர் ஆறாகிறார். எட்டு வருஷமாக வருகிற ஒரு தோட்டக்காரர் முப்பத்தெட்டிலேயே கிடக்கிறார். புதுசாக வருகிறவர்களில் சிலர் மேலே நுழைகிறார்கள், சிலர் கீழே போய்ச் சேர்கிறார்கள், யாரும் மாறி நுழைவதில்லை. மேலே இருக்கும் வீடுகளையும் கீழே இருக்கும் வீடுகளையும் எனக்குத் தெரியும். யார் வீட்டில் யார் பெண் எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். இதற்கு ஜெர்மன் படிக்க வேண்டியதில்லை.

அது சேர்ந்த வரிசை இல்லை. பாத்திரத்தில் வாய் வைக்கப் போன வரிசை. உசந்த ஜாதி முதலில் குடித்துவிட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்கு விட்ட வரிசை. அதைத்தான் நாங்கள் எழுபத்தைந்து வருஷமாகக் குலப்பெருமையாகச் சொல்லிக்கொண்டு, கிரானைட் வரைக்கும் வந்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொருளாளரின் கார் நம்பரை நினைத்துச் சத்தமாகவே சிரித்தேன். என் மூன்றாம் எண் நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னும் சில பக்கம் தள்ளி சிஸ்டரின் அப்பா பேர் கிடைத்தது. முப்பத்தொன்பதாவதாகப் பல மாதங்கள் இருக்கிறார். பிறகு ஒரு மாதத்துப் பக்கத்தில் துருப்பிடித்த குண்டூசி குத்தி ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் போதகருக்குக் கொடுத்த மனு. இன்னார் போன ஞாயிறு தன் முறைக்குக் காத்திராமல் முன்னால் வந்து முட்டி போட்டு, எங்களுக்கு முந்திப் பாத்திரத்தில் குடித்துவிட்டார்; இனிமேல் அவர் கடைசியில்தான் வருவார் என்று ஐயர் உறுதி சொல்லாவிட்டால் நாங்கள் யாரும் பேர் கொடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். கீழே போதகர் ஒரே வரி குறித்திருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டதாகவும், கடைசியில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும். அதற்குப் பிறகு அந்தப் பேர் பதிவேட்டில் எங்குமே இல்லை. அவரை யாரும் சபையை விட்டு நீக்கவில்லை. அவராகவே பேர் கொடுக்கப் போகவில்லை.

ஏழு கையெழுத்தில் மூன்றாவது என் தாத்தாவுடையது. எங்கள் வீட்டுக் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற அதே கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து இழுத்தது. மனுவின் வாசகமும் அவர் கைதான். காகிதத்தை மடித்து இருந்த இடத்தில் வைத்தேன். பிறகு எழுந்துபோய்க் குக்கரை வைத்தேன்.

அடுத்த ஞாயிறு சிஸ்டர் என்னைப் பார்த்து வேகமாக நடந்து வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை, நேர்மை என்று நீதி போதனை வகுப்பும் சேர்த்து எடுத்தவள் என்ன செய்தேன் தெரியுமா? "அந்தப் பக்கம்லாம் நனைஞ்சுபோச்சு சிஸ்டர். வெள்ளத்துல நம்ம வெஸ்ட்ரிக்குள்ளயும் தண்ணி புகுந்துச்சு இல்ல? எழுத்தே தெரியல" என்றேன். இமைகூட அடிக்கவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளம் வுட்டு வெச்சது இன்னா கீது, வுடுங்க" என்றார். என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டின இடம் அன்று முழுக்க எரிந்தது. தூ, நீயும் ஒரு டீச்சரா என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதோடு சரி.

கமிட்டிக்கு மட்டும் பாதி உண்மையைச் சொன்னேன். தாத்தாவின் மனுவை மூடி மறைத்துவிட்டு, அந்த எண்கள் சேர்ந்த வரிசை இல்லை, என்ன வரிசை என்பதை மட்டும் விளக்கினேன். கமிட்டியில் இருக்கிற ஒன்பது பேரில் ஆறு பேர் முதல் பத்து எண்ணுக்குள் வருகிற வீடு. "இப்ப இதையெல்லாம் கெளறணுமா டீச்சர்? யார் மனசும் புண்படாம எழுதுறதுதானே சரித்திரம்?" என்றார் செக்ரட்டரி. அப்படியானால் அகர வரிசையில் செதுக்கலாம் என்றேன். பொருளாளர் எழுந்தேவிட்டார். "அகர வரிசையில போட்டா எங்க தாத்தா முப்பத்தாறு! இத்தனை வருஷம் ஒண்ணாம் நம்பரா இருந்ததுக்கு அர்த்தமே இல்லையா?" போதகர் ஜெபம் பண்ணலாம் என்றார். ஏதாவது முட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவர் ஜெபம் பண்ணலாம் என்பார். ஜெபம் முடிவதற்குள் செக்ரட்டரிக்கு வழி பிறந்துவிட்டது. "எண்ணை எடுத்துடுவோம். பேர் மட்டும் இருக்கட்டும். வரிசை அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எண் போனாலும் மூன்றாவது மூன்றாவதுதானே என்று என் மனசின் ஒரு ஓரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சிஸ்டர். வேளச்சேரியிலிருந்து இரண்டு ரயில் மாறி, மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் நீந்தி, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. "எனக்காவ அந்த நனைஞ்ச புஸ்தகத்தப் போட்டு எத்தினி நாள் தடவிக்கினு இருந்தீங்களோ. அதான், கைமுறுக்கு சுத்திக்கினு வந்தேன்" என்றார்.

நன்றி சொல்ல வந்திருக்கிறார். என் பொய்க்கு! தண்ணீர் கொடுத்தேன். ஃபேனை வேகமாகப் போட்டேன். எதிரில் உட்கார முடியாமல் அடுக்களைக்குள் போய்ப் போய் வந்தேன்.

"ஒண்ணு மட்டும் மனசுல அடிச்சிக்கினே கீது டீச்சர்" என்றார். "நான் சின்ன வயசுல திடப்படுத்தல் ஆயி மொத தபா பாத்திரம் வாங்குனதுலேர்ந்து இந்நாள் வரிக்கும், பாத்திரம் வாங்கறதுக்கு முன்னாடி முட்டி போட்டுக்கினு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். ஆண்டவரே, எங்கப்பா பண்ண பாவத்த மன்னிச்சிடு. இன்னா பாவம்னு தெரியாமயே கேக்குறேன். பாவத்தோட பேரு தெரியாம கேட்டா எடுபடுமா?"

லுத்தரன் முறைப்படி செத்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்கிற வழக்கமே கிடையாது. அதைச் சொல்லித் திருத்த என் வாய் திறந்தேவிட்டது, பாருங்கள், டீச்சர் புத்தி. நல்லவேளையாக மூடிக்கொண்டேன். பிறகு என்னால் தாங்க முடியவில்லை. மேஜை மேல் கிடந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். "நனையல சிஸ்டர். நான் பொய் சொன்னேன்" என்றேன். குண்டூசியைக் கழற்றினேன். அவருக்குக் கண்புரை, எழுத்து தெரியவில்லை. நானே வாசித்தேன். போதகர் எழுதின கடைசி வரியையும் வாசித்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் சிஸ்டர்.

"அவ்ளோதான்."

"திருடலியா?"

"இல்ல சிஸ்டர். ஒண்ணும் எடுக்கல. முன்னாடி போய்க் குடிச்சாரு. கடைசில வரச் சொன்னாங்க, வரமாட்டேன்னுட்டாரு. அவ்ளோதான்."

அவர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "நைனா, நைனா" என்று அப்பாவை இரண்டு தடவை கூப்பிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அடக்காமல் அழுதேன்.

ரொம்ப நேரம் கழித்து, "யாரு எழுதுனது இந்தக் காயிதம்?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான்தான் உளறினேன். "கல்வெட்டுல உங்கப்பா பேரைப் போடச் சொல்றேன் சிஸ்டர். போடலன்னா கமிட்டியை விட்டே விலகுறேன். கண்டிப்பாப் போட வைக்கிறேன்."

"அந்த வரிசைலயா?" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்கிறமாதிரிதான் கேட்டார். பதிவேட்டை மூடி, அட்டையைக் கையால் துடைத்து, என்னிடம் கொடுத்தார்.

"அறுவது வருசத்துக்கு மேல தப்பான ஆளுக்கு மன்னிப்பு கேட்டுக்கினு இருந்திருக்கேன் டீச்சர்" என்றார். பைக்குள் துழாவி மருந்துச் சீட்டையும் பேனாவையும் எடுத்து, சீட்டைப் பின்பக்கம் திருப்பி என் பக்கம் நீட்டினார். "உங்க தாத்தா முழுப் பேரயும் இதுல பெருசா எழுதிக் குடுங்க. இனிமே அவருக்குக் கேக்கணும் இல்ல."

எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்து, சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

அடுத்த திருவிருந்தன்று அவருக்கு அடுத்த இடத்தில் நான் முட்டி போட்டிருந்தேன். சிஸ்டர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. போதகர் பாத்திரத்தைப் பிடித்தபடி அவர் முன்னால் நின்றார். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். நானும் காத்திருந்தேன். அவர் நிமிர்வதாக இல்லை. என் தாத்தாவுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.